துபாஷியின் நாட்குறிப்பும் கப்பலேறிய கூட்டமும்

ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் தினப்படிச் செய்திக் குறிப்பைப் புகழாத தமிழ்ப் பிரசங்கிகள் இல்லை. அதனைப் படித்த தமிழர்களோ மிகச் சிலர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பெனியாரிடம் பெரிய துபாஷியாய் விளங்கிய இவர், 1736-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 6-ம் தேதி தொடங்கி, 1761-ம் வருஷம் ஜனவரி மாதம் தாம் இறக்கும் நாட்கள் வரையில், ஏறக்குறைய இருபத்தைந்து வருஷ காலம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். அதனை “இந்தியப் பெப்பீஸ்” என்பவரின் அரும்பெரும் செல்வம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிடுவது நம்மவர் வழக்கம். அந்நூலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

சுங்கை பாக்காப்பில் இருந்துகொண்டு புதுச்சேரித் துபாஷியைப் பற்றிப் பேசுவானேன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊருக்குப் பக்கத்திலேயே வால்டோர் என்றோர் இடமிருக்கிறது. அப்பெயர் மலாயும் அன்று, சீனமும் அன்று, தமிழும் அன்று. பிரெஞ்சு மொழியில் அதற்குப் பொன் பள்ளத்தாக்கு என்று பொருள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில் ஒரு பிரெஞ்சு முதலாளி அங்கே கரும்புத் தோட்டம் போட்டபோது இட்ட பெயர் அது. பிறகு தோட்டம் சீனச் செல்வர்களின் கைக்குப் போயிற்று. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்பொழுது வீடுகள் முளைத்திருக்கின்றன. பெயர் மட்டும் மாறவில்லை. இந்தப் பிராந்தியத்தில் அக்காலம் கரும்பு பயிரிட வந்த வெள்ளைக்காரர்களில் சிலர் மொரீசியஸ் தீவில் அத்தொழிலைக் கற்றவர்கள். அந்த மொரீசியஸோ பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது ‘பிரான்சுத் தீவு’ என்ற பெயருடன் புதுச்சேரியோடு பிணைக்கப்பட்டிருந்தது. பிள்ளையவர்கள் உட்கார்ந்து எழுதிய திண்ணைக்கும் நம்முடைய பெரட்டுக் களத்துக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைக்கிற அளவுக்கு அதிகமில்லை.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியை 1664-ம் வருஷத்தில் கோல்பேர் என்னும் மந்திரி ஏற்படுத்தினார். பீஜப்பூர் சுல்தானின் அதிகாரியான ஷேர்கான் லோடி கொடுத்த இடத்தில் பிரான்ஸுவா மர்த்தேன் என்பவர் 1674-ல் புதுச்சேரியை நிலைப்படுத்தினார். 1693-ல் டச்சுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு 1699-ல் திருப்பிக் கொடுத்தனர். 1739-ல் காரைக்கால் சேர்ந்தது. 1742-ல் டூப்ளே கவர்னராய் வந்தார். 1746-ல் சென்னைப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. 1754-ல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1761-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி புதுச்சேரியே ஆங்கிலேயருக்குப் பணிந்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் பிள்ளையவர்கள் கண்ணை மூடினார். தாம் எழுதிய கதையின் முடிவை அவர் பார்க்கவில்லை. இதைப் பார்க்கிலும் பொருத்தமான முடிவை ஒரு நாவலாசிரியனும் கற்பித்திருக்க முடியாது.

இனி நூலுக்கு வருவோம். நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களாகையால், ஒரு தமிழன் தமிழில் எழுதிய இந்நூலை முதலில் ஆங்கிலத்தில்தான் படித்தோம். வெட்கப்படத்தக்க செய்திதான், ஆனால் இதில் நாம் தனியாளுமல்ல. கையெழுத்துச் சுவடிகளைக் காலுவா மோன்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1846-ல் கண்டெடுத்துப் பிரதி செய்வித்தார். அதன் பின் 1904 முதல் 1928 வரையில் பிரைஸ், ரங்காச்சாரி, டாட்வெல் ஆகியோரின் கைவண்ணத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாய் வெளிவந்து முடிந்தது. மூலத் தமிழ் அச்சேறத் தொடங்கியதோ 1948-ல்தான்! தமிழனுடைய நாட்குறிப்பைத் தமிழன் படிப்பதற்கு, இங்கிலீஷ்காரன் படித்து முடித்து மேலும் இருபது வருஷம் செல்லவேண்டியிருந்தது.

ஆங்கிலத்தில் படித்தபின் தமிழில் படித்தால் வேறொரு மனிதரைச் சந்திப்பதுபோல் இருக்கிறது. ஆங்கிலத் தொகுதிகளில் பிள்ளையவர்கள் கால்சட்டை அணிந்த ஒரு கனவானைப் போல் அளந்து பேசுகிறார். தமிழிலோ அவர் மூச்சு விடாமல் பேசுகிறார். வாக்கியம் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்லவொண்ணாது. முசியே என்பார், சொல்தாது என்பார். அடுத்த மூச்சில் பாரசீகமும் தெலுங்கும் போர்த்துகேயமும் வந்து விழும். பண்டிதர்கள் இதனைக் கொச்சை என்று ஒதுக்கினர். நமக்கோ இது மிகவும் பழக்கமான பேச்சாகப் படுகிறது. மலாயும் சீனமும் இங்கிலீஷும் கலந்து தோட்டத்து ஆபீஸில் நாள் முழுதும் பேசுகிற நமக்கு, ஒரு துறைமுகத்தின் தமிழ் எப்படியிருக்கும் என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழ் வசனம் என்று எதுவும் இல்லை, பாதிரிமார் வந்துதான் கற்பித்தார்கள் என்று இன்னும் சொல்லித் திரிபவர்கள் இத்தொகுதிகளில் பத்துப் பக்கம் படித்துப் பார்க்கட்டும்.

ஆகவே நடையைப் பற்றி நமக்குக் குறையொன்றும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

பெப்பீஸோடு ஒப்பிடுவது 1940-ல் சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரியார் தம் ஆங்கில நூலுக்குச் சூட்டிய தலைப்பினால் நன்கு பரவியது. அவ்வொப்புமை பாதி சரி. லண்டன் பெப்பீஸ் தம் குறிப்பைச் சுருக்கெழுத்தில் மறைத்து எழுதினார்; தம்முடைய அற்பத்தனங்களையெல்லாம் அதில் கொட்டினார். நம் பிள்ளையவர்கள் வெளிப்படையான தமிழில் எழுதினார். தம்முடைய அற்பத்தனம் எதையும் எழுதவில்லை. மாறாக, இன்னார் வந்து தம்மை இன்னவிதமாகப் புகழ்ந்தார், கவர்னர் துரை தம் புத்தியை இன்னவிதமாக மெச்சினார் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. தாம் கவர்னருக்குச் சொல்லிய முகஸ்துதிகளையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார், அவற்றையும் தம் சாமர்த்தியத்தில் சேர்த்துக்கொண்டு. மரியாதைக் குண்டுகள் எத்தனை போட்டார்கள், பாக்கு வெற்றிலை யார் யாருக்கு எந்த வரிசையில் கொடுத்தார்கள் என்பதில் அவருக்குள்ள சிரத்தையைப் பார்த்தால் சில சமயம் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபின், இதையெல்லாம் வேறு யார் எழுதி வைத்தார்கள் என்ற கேள்வியும் வருகிறது.

கவர்னரின் மனைவி மதாம் டூப்ளேயைப் பற்றி அவர் எழுதுவதைப் பாருங்கள். அந்த அம்மாள் பேராசைக்காரி, சூதுக்காரி, ஒற்றர்களை வைத்து ஊரை ஆட்டிப்படைத்தவள் என்றே நூல் முழுதும் வருகிறது. அவற்றில் உண்மையும் இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள். துபாஷி என்றால் இருபாஷைக்காரன் என்றுதானே பொருள்? துரைக்குத் தமிழ் தெரியாது, குடிகளுக்குப் பிரெஞ்சு தெரியாது என்ற இடைவெளியில்தான் அவருடைய உத்தியோகமும் வருமானமும் அதிகாரமும் நின்றன. கவர்னர் வீட்டுக்குள்ளேயே தமிழ் அறிந்த ஒருத்தி இருந்து, குடிகளை நேரே கூப்பிட்டுப் பேசத் தொடங்கினால் துபாஷிக்கு வேலையேது? அவருடைய கோபத்தில் பாதி நியாயம், பாதி பிழைப்பு. தோட்ட ஆபீஸில் புதிதாய் வந்த துரை நன்றாகத் தமிழ் பேசுகிறார் என்று கேள்விப்பட்டால் பழைய பெரிய கிராணிகளின் முகம் எப்படிச் சுருங்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிற்க. இந்நூலின் பெருமை டூப்ளேயின் யுத்தங்களில் இருக்கிறது என்று சரித்திரக்காரர்கள் சொல்லுவார்கள். நமக்கு அது வேறு சில பக்கங்களில் இருப்பதாகத் தோன்றுகிறது. 1745-ம் வருஷம் அக்டோபர் மாதத்துக் குறிப்பு ஒன்று: புதுச்சேரி சம்பா கோவிலில் சாதிக் கிறிஸ்தவர்களையும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவரிடம் ஆதிதிராவிடர்கள் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை ஏன் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இது நடந்தது இன்றைக்கு இருநூற்றெழுபது வருஷங்களுக்கு மேற்பட்ட காலத்தில்! சமத்துவம் என்ற பேச்சே வெள்ளைக்காரன் புத்தகத்திலிருந்து நேற்று இறக்குமதியானது என்று சொல்லும் பெரியவர்களுக்கு இந்த ஒரு பக்கம் போதும். முறையிட்டவர்கள் யாரும் பிரெஞ்சு ஞானிகளைப் படித்தவர்களல்லர். பிரான்சில் புரட்சி நடப்பதற்கே இன்னும் நாற்பத்துநான்கு வருஷங்கள் இருந்தன.

1748-ம் வருஷம் செப்டம்பர் மாதத்துக் குறிப்பு இன்னொன்று. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருக்கும்போது, ஏசு சபைப் பாதிரிமாரின் நெடுநாளைய விருப்பப்படி வேதபுரீசுவரர் கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. பிள்ளையவர்கள் இதை மிகுந்த வேதனையோடு எழுதுகிறார். ஊர் மகாநாட்டார்கள் அவரிடம் ஓடிவருகிறார்கள். அவர்களிடம் ஒற்றுமை இல்லை என்று இவர் குறை சொல்லுகிறார். அவர்கள் சொன்னதையும் எழுதுகிறார், தாம் சொன்னதையும் எழுதுகிறார். எல்லாம் படித்து முடித்தபின், கவர்னரிடம் தினந்தோறும் நெருங்கிப் பேசிக்கொண்டிருந்த துபாஷி அன்று என்ன செய்தார் என்று தேடினால் அதிகம் அகப்படுவதில்லை. அவர் எதையும் ஒளிக்கவில்லை. தம் கையாலாகாத்தனத்தை அவரே சாட்சி எழுதி வைத்திருக்கிறார், அது சாட்சியென்று அறியாமல்.

இவ்விரண்டைக் காட்டிலும் நம்மைத் தூங்கவிடாமல் செய்தது 1743-ம் வருஷம் ஜூன் மாதத்துக் குறிப்பு. புதுச்சேரியிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றும் வியாபாரம் நடந்துவந்தது. அதற்கு ஆள் பிடிக்க ஒரு கூட்டம் வேலை செய்தது. வேலை கொடுக்கிறோம் என்று ஆசை காட்டி ஏழைகளை அழைத்துப்போவார்கள். மருந்து கலந்த சுண்ணாம்பு தடவிய வெற்றிலையைக் கொடுத்து மயக்குவார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அகப்பட்டவர்களின் தலையை மழித்துக் கறுப்புத் துணி உடுத்தி, காலில் விலங்கிட்டு, ஒரு வீட்டில் அடைத்து வைத்து, இராக்காலத்தில் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். விஷயம் வெளிப்பட்டு ஊரில் அமளியாயிற்று, விசாரணையும் நடந்தது. இவற்றைப் பிள்ளையவர்கள் ஓர் அதிசயச் செய்தியைச் சொல்வதுபோல் எழுதிச் செல்கிறார்.

வாசகர்களே, அந்த வெற்றிலையைப் பற்றிச் சற்று யோசியுங்கள். நம் தோட்டத்துக் கிழவர் கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம்: “கங்காணி மருந்து போட்டு அழைத்து வந்துவிட்டான்” என்று. இருநூறு வருஷங்களுக்கு அப்பாலும் இப்பாலும், ஒரே கரையிலிருந்து கப்பலேறியவர்கள் சொல்லும் கதை ஒன்றாகவே இருக்கிறது. மருந்து உண்மையோ பொய்யோ, அக்கதைக்கு ஒரு பயன் உண்டு. பெற்ற தாயையும் பிறந்த மண்ணையும் விட்டுவிட்டு நான் மனமொப்பி வரவில்லை என்று சொல்லுவதற்கு ஏழையிடம் வேறு என்ன வார்த்தை இருக்கிறது? 1740-ல் மராட்டியர் படையெடுத்து ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலியைக் கொன்ற பிறகு கர்நாடக தேசமெங்கும் கொள்ளையும் கலகமுமாய்க் கிடந்தது. ஜனங்கள் மதில் சூழ்ந்த புதுச்சேரியை நாடி ஓடிவந்தார்கள். அத்தகைய காலத்தில் சுண்ணாம்பில் மருந்து கலக்க வேண்டிய அவசியமே இருந்திராது என்பது நம் அபிப்பிராயம். வேலை தருகிறேன் என்ற சொல்லே போதுமானது.

இங்கேதான் நூலின் குறையும் தெரிகிறது. குதிரைக்கும் சால்வைக்கும் விலை எழுதுகிற கை, மழிக்கப்பட்ட தலைகளுக்குச் சொந்தக்காரர் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று நின்று எழுதவில்லை. பிள்ளையவர்கள் ஆனந்தப்புரவி என்னும் சொந்தக் கப்பல் வைத்திருந்தவர். மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்னும் பட்டம் பெற்றவர். கப்பலேறிப் போனவர்கள் அவருக்குச் செய்தி. மனிதராய் வந்தவர்கள், அவரைத் தேடிப் பல்லக்கில் வந்தவர்கள்தாம்.

அக்காலத்து மனிதரிடம் இக்காலத்து நியாயத்தைக் கேட்பது தகுமா என்று ஒரு மறுப்பு எழும். நல்ல கேள்வி. அதற்கு நம் பதில் யாதெனின், சுவரைக் குறித்து முறையிட்ட ஆதிதிராவிடர்களும் அக்காலத்து மனிதர்களே. அடிமை வியாபாரம் வெளிப்பட்டபோது ஊரில் அமளி செய்தவர்களும் அக்காலத்து மனிதர்களே. நியாயம் அக்காலத்தில் இல்லாமற்போகவில்லை. திண்ணைக்கு வெளியே வீதியில் இருந்தது. இதனை உணர்ந்தவர்களில் காலஞ்சென்ற பிரபஞ்சன் அவர்கள் முக்கியமானவர். ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் தம் நாவல்களை இந்த நாட்குறிப்பிலிருந்தே அவர் எடுத்தார். பின்னதற்கு 1995-ல் சாகித்திய அகாதமிப் பரிசும் கிடைத்தது. துபாஷி போகிற போக்கில் ஒரு வரியில் விட்டுச் சென்றவர்களை அவர் நிறுத்தி முகம் பார்த்தார். நாவல் செய்யவேண்டிய வேலை அது. நாட்குறிப்புக்காரரின் தம்பி தலைமுறையில், இரண்டாம் வீரா நாயக்கர் என்னும் போலீஸ் உத்தியோகஸ்தர் 1778 முதல் 1792 வரை எழுதிய குறிப்பும் அச்சில் இருக்கிறது. அதையும் பிள்ளையவர்களுடைய நூலின் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. மாளிகையிலிருந்து பார்க்கிற ஊர் ஒன்று, சாவடியிலிருந்து பார்க்கிற ஊர் மற்றொன்று.

கப்பல்கள் பிறகும் நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரர் 1848-ல் அடிமைத்தனத்தை ஒழித்தார்கள். ஆனால் கரும்பை யார் வெட்டுவது? 1853-ல் ஒரேலி என்னும் கப்பல் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவு போய்ச் சேர்ந்தது. 1854-ல் அதே கப்பல் குவாதலூப் போயிற்று. 1860, 1861-ம் வருஷங்களில் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் சேர்த்தார்கள். கொடுமை பொறுக்க முடியாமற் போய் ரீயூனியனுக்கு 1882-லும், மேற்கிந்தியத் தீவுகளுக்கு 1888-லும் ஆங்கில சர்க்கார் ஆள் அனுப்புவதை நிறுத்தினர். அதற்குள் மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேலும், குவாதலூப்புக்கு சுமார் 42,000 பேரும், ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கு மேலும் போய்விட்டார்கள். அங்கே ராமசாமியும் முத்துசாமியும் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயர்களாய் இன்றும் இருக்கின்றன. பேசும் தமிழ் போய்விட்டது.

அந்தக் குவாதலூப் தீவில் கூலிகளாய்ப் போனவர்களின் வமிசத்தில் ஹென்றி சிதம்பரம் என்று ஒருவர் தோன்றினார். தீவில் பிறந்த இந்தியருக்கும் பிரெஞ்சுப் பிரஜைக்குரிய வாக்குரிமை உண்டு என்று 1904-ல் அவர் வழக்கில் இறங்கினார். 1923 வரையில், பத்தொன்பது வருஷங்கள் விடாமல் வாதாடி வென்றார். அவ்வழக்கின் காகிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. பிரெஞ்சுக்காரரோடு தமிழர் கொண்ட சகவாசத்திலிருந்து பிறந்த எழுத்துக்களில் ஆனந்தரங்கரின் பன்னிரண்டு தொகுதிகள் ஒரு தட்டில் இருக்குமானால், சிதம்பரத்தின் அந்த ஒரு நூலை நாம் மறுதட்டில் வைப்போம். அது தமிழில் இல்லை. பிரெஞ்சில் இருக்கிறது. மொழிபெயர்க்க யாரும் முன்வந்ததாய்த் தெரியவில்லையே என்று புதுச்சேரி அன்பர்களைக் கேட்கிறோம்.

இதையெல்லாம் ஒரு கிராணி எழுதவேண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். துபாஷியும் கிராணியும் ஒரே மரத்துக் கிளைகள். துரை சொல்வதைத் தொழிலாளிக்கும் தொழிலாளி சொல்வதைத் துரைக்கும் சொல்லுகிற உத்தியோகத்தில், எவ்வளவு சொன்னோம், எவ்வளவு விழுங்கினோம் என்பது நமக்கும் நம் பேனாவுக்குமே தெரியும். தோட்டத்துச் செக்ரோல் என்ன செய்கிறது? பெயர், எண், வந்த நாள், வராத நாள், அரை நாள், பிடித்தம் என்று எழுதுகிறது. ஏன் வரவில்லை என்று எழுத அதில் கட்டமில்லை. ஆயினும், ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே தொடர்ச்சியாய் இருபத்தெட்டு நாள் வெற்றிடம் கிடந்தால் அங்கே ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது அல்லது ஒரு பிள்ளை செத்திருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொள்வான். பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஊர்ப்பெயரைக் கொண்டு எந்த ஜில்லாவில் மழை பொய்த்ததென்று கண்டுகொள்வான்.

சில வருஷங்களுக்கு முன் நாம் அறிந்த ஒரு தோட்டம் கைமாறியது. பழைய ஆபீஸைக் காலி செய்தபோது ஐம்பது அறுபது வருஷத்துச் செக்ரோல் புத்தகங்களைக் கரையான் அரித்தவை என்று சொல்லிப் பின்புறத்தில் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். அரித்தவை சில, அரிக்காதவை பல. அங்கே மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பங்களுக்கு, தாத்தா எந்த வருஷம் வந்தார் என்று காட்ட இப்பொழுது ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. அடையாளக் கார்டுக்கு அலைகிற முதியவர்கள் நம்மிடம் வந்து பழைய புத்தகத்தில் பெயர் இருக்கிறதா பாருங்கள் ஐயா என்று கேட்கும்போது இதற்கு என்ன பதில் சொல்வது? புதுச்சேரித் துபாஷியின் ஏடுகளை ஒரு வெள்ளைக்காரர் தேடி எடுத்தார். தொழிலாளியின் செக்ரோலைத் தேடி எவரும் வரவில்லை. அதைக் காப்பாற்றியிருக்க வேண்டிய உத்தியோகம் நம்முடையதாயிருந்தது.

ஆதலின், தோட்டத்துப் படிப்பகங்களுக்கும் பட்டணத்து வாசகசாலைகளுக்கும் இத்தொகுதிகளை வாங்கி வைக்கும்படி நாம் சிபாரிசு செய்கிறோம். விலை கொஞ்சம் அதிகம்தான். தீபாவளி வாணவேடிக்கையில் ஒரு பங்கைக் குறைத்தால் வாங்கிவிடலாம். தொடங்குகிறவர்கள் 1736-லிருந்து வரிசையாய்த் தொடங்கினால் பாக்கு வெற்றிலை வரிசையிலேயே அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். 1743-ம் வருஷத்து ஜூன் மாதத்தை முதலில் எடுங்கள். பிறகு 1745 அக்டோபர். பிறகு 1748 செப்டம்பர். டூப்ளேயின் வெற்றிகளுக்கு அப்புறம் வரலாம். அவற்றைச் சொல்ல வேறு புத்தகங்கள் எத்தனையோ இருக்கின்றன.